கலந்தது, கலப்படமல்ல

கம்பத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. நாற்பது வருடமாக அதே பந்தல், அதே கிணறு. 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பாட்டிலைச் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பெரியப்பா குடிகாரர் இல்லை. ஆனால் திராட்சையில் செய்தது என்றால் பார்க்காமல் விடமாட்டார். மாடியில், அம்மா கண்ணில் படாமல், எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"என்னடா தம்பி, சீனி போட மறந்துட்டானுகளா?"

"இல்ல பெரியப்பா, இது இப்படித்தான். இனிப்பே இருக்காது."

"என்ன திராட்சை?"

"மூணு வகை. கலந்து செய்யுறது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கலப்படமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பன்னீர் திராட்சையோடு வேறு ஊர்ப் பழத்தைக் கலந்து பெட்டி போடும் வியாபாரிகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் அவர். மதுரையிலிருந்து விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் 1907இல் ஐந்து லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். அதுவும் நான் குடியிருக்கும் ஊரில்.

நான் இருப்பது மோன்பெலியே. பிரான்ஸின் தெற்கு, மத்தியதரைக் கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மண்ணில் ஈரம் எப்படி நகர்கிறது என்று அளக்கிற ஆராய்ச்சி வேலைக்காக 2015இல் வந்தேன். ஒயினுக்காக வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அம்மா இதைப் படிக்கமாட்டார் என்றாலும்.

பெரியப்பா குடித்தது கொர்பியேர். நர்போன், கர்கசோன் என்ற இரண்டு ஊர்களுக்குத் தெற்கே, கடலுக்கும் பிரனே மலையடிவாரத்துக்கும் நடுவில் கிடக்கும் கரடுமுரடான மேட்டுநிலம்தான் கொர்பியேர். சுண்ணாம்புப் பாறை, முள், காட்டுப்பன்றி, இடிந்த கோட்டைகள். பாட்டில் ஏழு யூரோ. பிரெஞ்சுக்காரர்கள் சாதாரண வாரநாளில், இறைச்சிக் குழம்போடு, பெரிதாக எதையும் யோசிக்காமல் குடிக்கிற ரகம். போர்தோ, பர்கண்டி போல அதைச் சுற்றி யாரும் காவியம் பாடுவதில்லை. எனக்கு அது பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் அந்தச் சீனி விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஒயினில் 'டிரை' என்பதை 'உலர்ந்த' என்று மொழிபெயர்த்து ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பார்த்தேன். திரவம் எப்படி உலர்ந்திருக்கும்? இனிப்பு இல்லாதது என்பதுதான் பொருள். பழத்திலிருக்கும் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று சாராயமாக்கிவிட வேண்டும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஏறத்தாழ ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 14 சதவீத ஒயின் என்றால் பழத்தில் எவ்வளவு இனிப்பு ஏறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனையும் போய், மிஞ்சுவது லிட்டருக்கு ஓரிரு கிராம். நம் ஊரில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சையை நசுக்கி, கிலோவுக்குக் கிலோ சீனி போட்டு, கிராம்பும் பட்டையும் சேர்த்து ஜாடியில் ஊறவைப்பார்களே, ஒயின் என்றால் பெரியப்பாவின் நாக்கு எதிர்பார்த்தது அதைத்தான்.

இனிப்பு போனபின் நாக்கில் நிற்பது துவர்ப்பு. இந்த ஒரு இடத்தில் தமிழன் கொடுத்துவைத்தவன். இங்கே ருசி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில், ஈறு இழுத்துப் பிடிக்கிற அந்த உணர்வைப் புரியவைக்க ஆசிரியர் படாதபாடு படுவார். ஆறி அதிகம் ஊறிய தேநீரை நினைத்துக்கொள்ளுங்கள் என்பார். நமக்கு அறுசுவையில் அதற்கென்று ஒரு நாற்காலி உண்டு. நாவல்பழம் தின்று நாக்கு ஊதாவாகி, கன்னத்தின் உட்புறம் பிடித்திழுக்கிறதே, கொர்பியேரின் முதல் வாய் எனக்கு அதுதான்.

கொர்பியேருக்கு என்னைக் கூட்டிப்போனது நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா. அவருடைய அண்ணனுக்கு அங்கே ஒரு கிராமத்தில் தோட்டம். பெரியவருக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் எங்கள் வீட்டிலும் திராட்சை உண்டு என்று தங்கை சொல்லியிருந்தார் போல, கையைக் குலுக்கிய உடனேயே என்ன ரகம் என்று கேட்டார். மஸ்கட் ஹாம்பர்க் என்றேன். நம் பன்னீர் திராட்சைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அதுதான். அதை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெரியவர் அதற்கு மயங்கவில்லை. "வருடத்துக்கு எத்தனை அறுவடை?" என்றார். இரண்டு வருடத்தில் ஐந்து என்றதும் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்கிறேன் என்றே நினைத்திருப்பார். அவருக்கு வருடத்துக்கு ஒன்று. செடி குளிர்காலத்தில் தூங்கும், அவரும் கொஞ்சம் தூங்குவார்.

அவர் தோட்டத்தைப் பார்த்தபோது எனக்கும் அதே சந்தேகம் வந்தது. பந்தல் இல்லை. கம்பி இல்லை. ஒவ்வொரு கொடியும் இடுப்பளவுக்குக் குட்டையாக, முறுக்கிக்கொண்ட விரல்களைப் போல ஐந்தாறு கிளைகளோடு தனித்தனியாக நின்றது. கவாத்து செய்தே அந்த உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள், கொபலே என்று பெயர். கோப்பை என்று அர்த்தம். சில கொடிகளுக்கு எண்பது வயதுக்கு மேல். நம் ஊரில் பந்தல் எதற்கு? நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும். இங்கே கவலை வேறு. பெரியவர் பாசனம் செய்வதே இல்லை. கோடையில் மழை என்ற பேச்சே கிடையாது. வடமேற்கிலிருந்து 'செர்ஸ்' என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும். அந்தக் காற்று ஒடிக்காமல் இருக்கக் கொடி குனிந்து நிற்க வேண்டும், தன் இலையால் தன் காலடி மண்ணுக்கு நிழல் போட வேண்டும். அதே காற்று ஈரத்தை உலர்த்திவிடுவதால் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் அடிக்கிற மருந்து நம் பக்கத்தைவிடக் குறைவு. பெரியப்பா மருந்துக்குச் செலவழிக்கும் காசைச் சொன்னபோது பெரியவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கரிஞான், கிரனாஷ், சிரா ஆகிய மூன்றும்தான் அவரிடம் இருந்தவை. கொர்பியேர் என்ற பெயரோடு விற்க ஒரே ரகம் போதாது, இரண்டாவது கலந்தாக வேண்டும். 1985இல் அந்த ஊர்ப்பெயர் சட்டப்படி பதிவானபோதே வந்த விதி இது. விதி வருவதற்கு முன்பும் அப்படித்தான். ஏன் என்று கேட்டேன். ருசிக்காக, மணத்துக்காக என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"கிரனாஷ் பூக்கிற நேரத்தில் குளிர்ந்து மழை பெய்தால் பிஞ்சு பிடிக்காது, உதிர்ந்துவிடும். சிராவுக்குக் காற்று ஆகாது, குருத்து ஒடியும், தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் வாடுவதும் அதுதான். கரிஞானுக்குச் சாம்பல் நோய். மூன்றும் ஒரே வருடம் கைவிடாது."

ஊடுபயிர்! எங்கள் தாத்தா மானாவாரியில் சோளத்துக்கு நடுவே துவரையும் தட்டைப்பயறும் விதைத்ததற்குச் சொன்ன காரணமும் இதுதானே. பாரிஸில் பெரிய பெரிய வார்த்தைகளில் 'அசம்ப்ளாஜ்' என்று கொண்டாடுகிற கலவைக்கலை, அடியில் ஒரு சம்சாரியின் பயம். ருசி அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

ருசியிலும் மூன்றும் ஒன்றின் குறையை ஒன்று மூடுகின்றன. கிரனாஷ் ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்தது. வெயிலில் இனிப்பு எகிறும், அதனால் ஆல்கஹாலும் எகிறும். பழுத்த ஸ்ட்ராபெரி வாசனை, வழவழப்பு. ஆனால் நிறம் வெளிறியது, புளிப்பு போதாது, காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். சிரா, ரோன் ஆற்றின் வடபகுதியைச் சேர்ந்தது. மை போன்ற நிறம், மிளகு வாசனை. மிளகு என்பது வெறும் வர்ணனை இல்லை, ரொட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகிலும் சிராவிலும் இருக்கிறது. மோன்பெலியே ஆராய்ச்சி நிலையமும் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1990களின் இறுதியில் மரபணுவைப் பார்த்து, சிராவின் தாய்தகப்பன் துயுரேசா, மொந்தூஸ் பிளாஞ்ஷ் என்ற பெயரே யாருக்கும் தெரியாத இரண்டு ரகங்கள் என்று கண்டுபிடித்தார்கள். பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த திராட்சை என்ற அழகான கதை அதோடு போயிற்று.

மூர்வேத்ர என்று நாலாவது ஒன்றும் இந்தப் பக்கம் உண்டு. தலைக்கு வெயிலும் காலுக்குத் தண்ணீரும் கேட்கும் என்பார்கள். பெரியவரின் மேட்டுநிலத்துக்கு அது ஒத்துவராது.

கரிஞானைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அடிவாங்கியது அதுதான். புளிப்பும் துவர்ப்பும் முரட்டுத்தனமாக இருக்கும், மணம் சுமார். ஆனால் காய்ப்பு தாராளம், வறட்சிக்கு அசராது, துளிர் தாமதமாக விடுவதால் வசந்தகாலப் பனியிலிருந்தும் தப்பிக்கும். காம்பு கெட்டி, இயந்திரம் உலுக்கினால் லேசில் விழாது, கையால் வெட்ட வேண்டும். அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க இங்கே ஒரு வழி இருக்கிறது. குலையை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் அடுக்கி, கரியமில வாயுவை நிரப்பி மூடிவிடுவார்கள். ஈஸ்ட் இல்லாமலேயே ஒவ்வொரு பழமும் தனக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். நிறம் ஏறும், துவர்ப்பு அவ்வளவாகச் சாற்றில் சேராது. மிஷேல் பிளான்ஸி என்ற விஞ்ஞானி 1934இல் நர்போனில் இதை ஆராய ஆரம்பித்தார். நன்றாகச் செய்த கரிஞானில் ஒரு வாடிய ரோஜா வாசனை வரும். மோசமாகச் செய்தால் செருப்புக் கடை.

மோன்பெலியே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய பூங்கா உண்டு. வந்த புதிதில் வாடகை வீட்டுச் சாவிக்காக அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாடிக்காரரின் சிலை, கீழே ஒரு விவசாயி அவரிடம் திராட்சைக் குலையை நீட்டுகிறான். கவிஞரோ படைத்தளபதியோ என்று நினைத்தேன். ஷூல் எமில் பிளான்ஷோன், தாவரவியல் பேராசிரியர். ஒரு பேராசிரியருக்குக் குடியானவன் நன்றி சொல்வதுபோல் சிலை வைத்த ஊர் என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்க வேண்டும்.

நடந்தது இது. 1863 வாக்கில், ரோன் ஆற்றோரம் புஷோ என்ற கிராமத்தில் கொடிகள் காரணமில்லாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. நோய் வருடாவருடம் பரவியது. 1868 ஜூலையில் பிளான்ஷோனும் கூட இரண்டு பேரும் செத்த கொடியை விட்டுவிட்டு, இன்னும் உயிரோடிருந்த பக்கத்துக் கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார்கள். மஞ்சள் நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, பூச்சி. பிலாக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து செடிகளோடு வந்தது. பிரான்ஸின் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. கடைசியில் மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டுக்கட்டினார்கள். இன்றைக்கும் பெரியவரின் ஒவ்வொரு கொடியும் மண்ணுக்குக் கீழே அமெரிக்கன். கலப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தீர்களா?

கலப்படமும் அங்கேதான் ஆரம்பித்தது. திராட்சை இல்லை, ஆனால் தாகம் இருக்கிறது. உலர்திராட்சையை இறக்குமதி செய்து தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவைத்தார்கள். பிழிந்த சக்கையில் மறுபடி சீனியும் தண்ணீரும் விட்டு இரண்டாம் தடவை எடுத்தார்கள், நம் ஊர் இரண்டாம் தேங்காய்ப்பால் மாதிரி. 1889இல் ஒரு சட்டம் வந்தது. ஒயின் என்றால் புதுத் திராட்சையைப் புளிக்கவைத்தது மட்டுமே என்றது. 'புது' என்ற ஒரு சொல்லுக்காக நாடாளுமன்றம் கூடியது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

தெற்கத்திக்காரர்களும் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. தோட்டங்களைத் திரும்ப நட்டபோது மேட்டுநிலத்தை விட்டுச் சமவெளிக்கு இறங்கினார்கள். ஆராமோன் என்ற ரகம், தண்ணீர்ப்பாங்கில் கொட்டோ கொட்டென்று காய்க்கும், சாறு தண்ணீர் போல இருக்கும். ஏற்கெனவே ரயில் வந்திருந்தது, வடக்கே தொழிற்சாலைத் தொழிலாளிகள் இருந்தார்கள், எது அனுப்பினாலும் குடித்தார்கள். வெளிறிய ஆராமோனுக்கு நிறம் ஏற்ற, தோல் மட்டுமில்லாமல் சதையும் சிவப்பாக உள்ள அலிகாந்த் பூஷே என்ற ரகத்தை இந்தப் பகுதிக்காரரான ஹென்றி பூஷே உருவாக்கிக் கொடுத்தார். போதாததற்கு அல்ஜீரியாவிலிருந்து, அன்று அது பிரெஞ்சுக் காலனி, கெட்டியான கருஞ்சிவப்பு ஒயின் கப்பலில் வந்தது. கலவைக்கும் கலப்படத்துக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துகொண்டே வந்தது.

1903இல் அரசு சீனிக்கான வரியைக் குறைத்தது. வடக்கே பீட்ரூட் விவசாயிகளுக்குக் கொண்டாட்டம். சீனி மலிந்ததும் சீனித்தண்ணீர் ஒயின் சந்தையை நிரப்பியது. நல்ல விளைச்சல் வருடங்களும் சேர்ந்துகொள்ள, விலை விழுந்தது. தொட்டியில் ஒயின் நிறைய இருக்கிறது, வாங்க ஆளில்லை, அடுப்பில் ஒன்றுமில்லை.

நர்போனுக்கு வடக்கே அர்ஷெலியே என்று ஒரு கிராமம். மார்செலேன் அல்பேர், காபிக்கடை வைத்திருந்தார், கொஞ்சம் திராட்சையும். ஊர்க்காரர்கள் பலருக்கு அவர் ஒரு பைத்தியக்காரர். 1907 மார்ச் 11 அன்று, நாடாளுமன்றக் குழு ஒன்று நர்போனுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, 87 பேரோடு நடந்தே போனார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் ஊர் ஊராக ஏறியது. நர்போன், பெசியே, பெர்பின்யான், கர்கசோன், நீம். ஜூன் 9, மோன்பெலியே. ஐந்து லட்சம் பேர் என்பது குறைந்த கணக்கு. ஊரின் மக்கள்தொகை அப்போது ஒரு லட்சம்கூட இல்லை. இரவு தங்க இடமில்லாமல் பிஷப் தேவாலயங்களைத் திறந்துவிட்டார். நான் தினம் டிராம் பிடிக்கிற சதுக்கத்தில் நின்று அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்ய முயன்றிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்கும் நாளை வைத்துத்தான் அளக்க முடிந்தது.

அவர்கள் சம்பளமோ மானியமோ கேட்கவில்லை. சீனித்தண்ணீரை ஒயின் என்று விற்காதே என்றார்கள். அவ்வளவுதான். பெரியப்பாவின் அதே கேள்வி.

பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். நகரமன்றத்தில் கறுப்புக் கொடி ஏற்றியிருந்த நர்போன் மேயர் எர்னெஸ்த் பெரூல் கைதானார். நர்போன் தெருவில் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. செய்தி கேட்டு, ஆக்த் ஊரில் இருந்த 17ஆவது காலாட்படையின் ஐந்நூறு பேர் ஆயுதங்களோடு கலகம் செய்து, இரவோடு இரவாக பெசியேவுக்கு நடந்தார்கள். எல்லாம் அந்தப் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் பெற்ற பிள்ளைகள். பிறகு சரணடைந்தார்கள், துனிசியாவின் காப்ஸாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அல்பேரின் முடிவுதான் மனசைப் பிசையும். ஒளிந்து பாரிஸுக்குப் போய் கிளெமான்சோவை நேரில் பார்த்தார். கிளெமான்சோ பழம் தின்று கொட்டை போட்டவர். சமாதானமாகப் பேசி, ஊர் திரும்ப ரயில் செலவுக்கு நூறு பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிட்டார். ஊரில் அல்பேர் விலைபோனவர் ஆனார். 1921இல் வறுமையில் இறந்தார். ஆனால் 1907 ஜூன் 29 அன்று சட்டம் வந்துவிட்டது. ஒயினில் சேர்க்கும் சீனிக்கு வரி, ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு அறுத்தான், எவ்வளவு கையிருப்பு என்று வருடாவருடம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு இன்றும் இருக்கிறது. இப்போது கணினியில். பெரியவருக்கு மகள்தான் நிரப்பிக் கொடுக்கிறாள், அவர் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படிப்பார்.

அதற்கப்புறம் வந்த அறுபது எழுபது வருடம் கூட்டுறவுச் சங்கங்களின் காலம். பெசியேவுக்குப் பக்கத்தில் மரோசான் கிராமத்தில் 1901லேயே முதல் சங்கம் ஆரம்பித்து, 1905இல் சோஷலிஸ்ட் தலைவர் ஷான் ஷோரெஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பெரியவரின் அப்பாவும் ஒரு சங்கத்தில்தான் பழம் போட்டார். எடைக்கும் இனிப்புக்கும் காசு, தரம் பற்றிப் பேச்சில்லை. 1962இல் அல்ஜீரியா விடுதலை ஆனதும் அங்கிருந்து வந்த ஒயின் குறைந்தது, இங்கே கரிஞான் பெருகியது. பிறகு மக்கள் குடிப்பதைக் குறைத்தார்கள். 1960களில் தலைக்கு வருடம் நூறு லிட்டருக்கு மேல் குடித்த நாடு, இன்று அதில் பாதிகூட இல்லை. டாக்டர்களுக்குச் சந்தோஷம், எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாதி கரிஞானின் தலையில் விழுந்தது. பிடுங்கினால் மானியம் என்றார்கள், பதிலுக்கு சிரா நடு என்றார்கள். பெரியவர் பாதியைப் பிடுங்கினார், சிரா நட்டார். சிராவுக்கு ஒட்டுக்கட்டிய இடத்தில் வீங்கி வெடிக்கிற ஒரு சீக்கு வந்து, இலை சிவந்து, கொடி கொடியாகச் செத்தது. நல்ல சாதி என்று நட்டது போனது, மட்டம் என்று பிடுங்கியதில் மிச்சமிருந்தது நின்றது. அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது சிரிப்பார். பாதிச் சிரிப்புதான்.

மகள் சங்கத்தை விட்டு வெளியே வந்து சொந்தப் பெயரில் பாட்டில் போட ஆரம்பித்த வருடம் நானும் அறுவடைக்குப் போனேன். முதுகு ஒடிந்தது. முதல் நாள் கத்தரிக்கோல் பழத்தோடு விரலையும் வெட்டியது. இரண்டாவது வருட அறுவடையின் கடைசி நாள், பெரியவர் என்னை 'வூ' என்று கூப்பிடுவதை விட்டு 'துய்' என்றார். நீங்கள் போய் நீ வந்தது. நான் இன்றும் அவரை 'வூ' என்றுதான் சொல்கிறேன், வாய் வரவில்லை.

கலவை போடுவது குளிர்காலத்தில். சமையலறை மேசை, மூன்று பாட்டில், ஒரு அளவுக் குழாய், ஒரு பென்சில், துப்புவதற்கு ஒரு வாளி. முதல் வருடம் வாளியை நான் பயன்படுத்தவில்லை. விருந்தாளி துப்புவதா என்று ஒரு தயக்கம், பதினொரு மணிக்குள் சோபாவில் படுத்துவிட்டேன். ஒழுங்காகத் துப்பக் கற்றபின் தெரிந்தது வேறு. தனியாகக் கிரனாஷ் மொழுமொழுவென்று தலையைச் சுற்றவைக்கும். தனியாக சிரா அழகு, ஆனால் எங்கே விளைந்ததென்றே தெரியாது. தனியாகக் கரிஞான் சண்டைக்கு வரும். நாற்பது கரிஞான், முப்பத்தைந்து கிரனாஷ், இருபத்தைந்து சிரா என்று போட்டபோது, தைமும் ரோஸ்மேரியும் வெயிலில் காயும் அந்த மேட்டுநிலத்தின் வாசனை வந்தது. சிராவை ஐந்து கூட்டினால் மறைந்தது. பெரியப்பா குடித்தது அந்தப் பாட்டில்தான்.

பெரியவரின் கடைசிக் கரிஞான் நிலம் ஒன்று கிராமத்துக்கு வெளியே, காட்டோரம். ஹெக்டேருக்கு 4,000 யூரோ, நிரந்தரமாகப் பிடுங்கிவிடு என்று அரசின் புதுத் திட்டம் வந்தது. இடுப்பு வலி, ஆள் கூலி, மூன்று வருட வறட்சி. 2025 தொடக்கத்தில் பிடுங்கிவிட்டார். வேர்க்கட்டைகளை அடுக்கிவைத்தார், ஆட்டிறைச்சி சுட அதைவிட நல்ல விறகு கிடையாது. வசந்தத்தில் நிலம் முழுக்கப் புல். கோடையில் அது காய்ந்தது.

ஆகஸ்ட் 5 அன்று ரிபோத் கிராமத்தில் பற்றிய தீ, கொர்பியேரில் 16,000 ஹெக்டேரைத் தின்றது. பச்சைத் திராட்சை இருந்த இடங்களில் தீ தயங்கியது. ஓரத்து இரண்டு மூன்று வரிசை இலைகள் வெந்து, அங்கேயே நின்றுவிட்ட தோட்டங்கள் உண்டு. பிடுங்கிப்போட்ட, புல் மண்டிய நிலங்களில் அப்படியே ஓடியது. பெரியவரின் விறகும் அதோடு போயிற்று. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் பெரியப்பாவிடம் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொடிக்கு ஒண்ணுமில்லையே? வேர் துளிர்க்கும், பயப்பட வேணாம்னு அவருகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்தில் மேசை மேல் நான்கு பாட்டில். நாலாவது, தீ நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்த கிரனாஷ். புகை பழத்தோலில் ஏறியிருந்தது. முகர்ந்தால் ஒன்றுமில்லை. வாயில் வைத்தபின், விழுங்கியபின், அடுப்புச் சாம்பல். மகள் அதில் ஐந்து சதவீதம் கலந்து என்னிடம் நீட்டினாள். எனக்கு எதுவும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை, எல்லாம் அவர்கள் நிலத்துப் பழம், புதுத் திராட்சை, சீனி ஒரு துளி இல்லை. தொள்ளாயிரம் லிட்டர், கொட்டுவதற்குக் கொஞ்சமில்லை. பெரியவர் குடித்தார், வாளியில் துப்பினார், மறுபடி ஒரு வாய் குடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் கடைசியாகக் குடித்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து நாலாவது வரியை அடித்துவிட்டு, மற்ற மூன்றின் கணக்கை மறுபடி மேலிருந்து எழுத ஆரம்பித்தாள்.